பிளானெட்சைடு 2: பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு தளத்தைப் பிடிப்பது எப்படி?

பிளானெட்சைடு 2 ஆடத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். ஓடுவீர்கள், எங்கிருந்தோ குண்டு வரும், விழுவீர்கள். குறி சரியில்லையோ என்று துப்பாக்கியை மாற்றிப் பார்ப்பீர்கள், மறுபடியும் விழுவீர்கள். கூட ஆளில்லாமல் ஓடினால் எந்தத் துப்பாக்கியும் கைகொடுக்காது.

2012 நவம்பரில் வந்த ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் இது. சிவப்பில் டெர்ரன் ரிபப்ளிக், நீலத்தில் நியூ காங்லோமரேட், ஊதாவில் வானு சாவரின்ட்டி என மூன்று படைகள் ஆராக்ஸிஸ் கிரகத்தின் கண்டங்களுக்காக ஓயாமல் மோதும். 2015 ஜனவரி 24 அன்று ஒரே சண்டையில் 1,158 பேர் இறங்கி கின்னஸ் சாதனையே படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கென்று ஒரு வேலை வேண்டுமென்றால் கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

1. முதலில் ஸ்குவாடில் சேருங்கள்

ஒரு ஸ்குவாடில் 12 பேர். ஆல்பா, பிராவோ, சார்லி, டெல்டா என நான்கு ஸ்குவாட் சேர்ந்தால் 48 பேர் கொண்ட பிளாட்டூன். யார் வேண்டுமானாலும் சேரும்படி திறந்து வைத்திருக்கும் ஸ்குவாட் பட்டியலில் இருக்கும், அதில் ஒன்றில் நுழையுங்கள். மைக் இல்லாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். "மைக் இல்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சாட்டில் ஒரு வரி போட்டால் போதும். நன்றாகப் பேசுகிற ஆளைவிட சொன்னதைக் கேட்கிற ஆளைத்தான் லீடர்கள் தேடுகிறார்கள்.

2. ஓடுவதற்கு முன் மேப்பைத் திறங்கள்

தளங்களைக் கோடுகள் இணைத்திருக்கும். உங்கள் படையின் தளத்திலிருந்து கோடு போகும் தளத்தை மட்டுமே பிடிக்க முடியும். கோடு இல்லாத தளத்தில் எவ்வளவு நேரம் சண்டை போட்டாலும் அது உங்கள் கைக்கு வராது.

அடுத்து, மூன்றாவது படை எங்கே என்று பாருங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஒரு நிறத்தின் மேல் கோபம் வந்துவிட்டால் அதையே துரத்திக்கொண்டு போகிறார்கள். இந்தார் கண்டத்தின் நடுவில் 'தி கிரவுன்' என்று ஒரு குன்றுத்தளம் உண்டு. நாங்களும் ஒருநாள் இரவு முழுக்க அதன் சரிவில் ஏறி ஏறி விழுந்தோம். மேப்பைத் திறந்தபோது பக்கவாட்டுத் தளங்கள் எல்லாம் மூன்றாவது படையின் நிறத்துக்கு மாறியிருந்தன. அன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேப் பார்க்க என்றே ஒருவரை வைத்திருக்கிறோம்.

3. சண்டரரைக் காப்பாற்றுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சண்டரர் என்பது பஸ் மாதிரி ஒரு கவச வண்டி. நிறுத்தி டெப்ளாய் செய்துவிட்டால் செத்தவர்கள் அதன் அருகிலேயே மறுபடி ஸ்பான் ஆகலாம், அதாவது உயிர்பெற்று வரலாம். வண்டி நிற்கும்வரை உங்கள் படை வந்துகொண்டே இருக்கும். அது வெடித்த அடுத்த நிமிடமே சண்டை அடங்கத் தொடங்கும்.

அதனால் தளத்தின் வாசலில் நிறுத்தாதீர்கள். பாறைக்கோ கட்டடத்துக்கோ பின்னால், டாங்கிகளின் நேர்ப்பார்வை படாத இடமாகப் பாருங்கள். எதிரியின் லைட் அசால்ட் வகை வீரன் ஜெட்பேக்கில் பறந்து வந்து வண்டியின் கூரை மேல் சி4 வெடிகுண்டு போட்டுவிட்டுப் போவான், ஆகவே மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். டாங்கி வரக்கூடிய பாதையில் ஒரு எஞ்சினியர் மைன் (கண்ணிவெடி) புதைக்கட்டும். அவரே அங்கு நின்று ரிப்பேரும் பார்க்கட்டும். கில் கணக்கில் அவர் பெயர் கீழே கிடக்கும். ஆனால் மற்ற பதினொரு பேரும் சண்டையில் நிற்பது அவரால்தான், அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

4. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பன்னிரண்டு பேரில் மூன்று நான்கு மெடிக் இருந்தால் நல்லது. விழுந்தவரை அதே இடத்தில் எழுப்புவது, அவர் ஸ்பான் ஆகி ஓடிவருவதைவிட வேகம். எஞ்சினியர் இருவர், ஒருவர் வண்டிக்கு, ஒருவர் குண்டுப் பொதி போட. மீதிப் பேர் ஹெவி அசால்ட், அதாவது முன்னால் நின்று மோதும் வீரர்கள். ஸ்குவாட் ஸ்பான் ஆவதற்கான பீக்கன் என்ற கருவி ஒன்றை லீடர் உயரமான கூரையில் வைத்தால், வண்டி போனாலும் ஸ்குவாட் வானிலிருந்து இறங்கலாம்.

இந்த ஆட்டத்தில் நம் குண்டு நம் ஆளையும் கொல்லும். வாசலில் சுட்டுக்கொண்டிருப்பவரின் குறுக்கே ஓடாதீர்கள்.

5. பாயிண்டைப் பிடித்து நில்லுங்கள்

தளத்தில் கைப்பற்ற வேண்டிய இடம்தான் பாயிண்ட். அது உங்கள் நிறத்துக்கு மாறியதும் தளம் கைக்கு வருவதற்கான நேரம் ஓடத் தொடங்கும். எல்லோரும் அந்த ஒரே அறையில் குவிந்தால் ஒரு கிரெனேடு போதும். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் எதிரி வரும் வழியில் நிற்கட்டும். லீடர் சொல்வது சுருக்கமாக இருக்க வேண்டும்: "ஏ பாயிண்டில் ஆறு பேர். மற்றவர்கள் வடக்குப் படிக்கட்டு. மெடிக் உள்ளேயே இரு." கத்துகிற லீடரிடம் ஆட்கள் தங்குவதில்லை, நான் பார்த்தவரை.

தளம் கைக்கு வந்ததும் ஆளுக்கொரு திசையில் சிதறத் தோன்றும். அப்போதுதான் லீடர் மேப்பில் அடுத்த தளத்தைக் குறிக்க வேண்டும். சண்டரரில் 12 இருக்கைகள், ஸ்குவாடுக்குச் சரியாக இருக்கும். கடைசி ஆள் ஏறும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.