செல்லுக்குள் நீர் நுழைவதையும் வெளியேறுவதையும் வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

சவ்வூடுபரவல் என்றால் என்ன என்று கேட்டால், "செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு நீர் செல்வது" என்று ஒப்பிக்கும் மாணவர், பரவலைப் பற்றிக் கேட்டதும் "செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டும் எதிரெதிராக இருக்கின்றனவே என்று விழிப்பதுண்டு. குழப்பம் அவருடையதன்று, வரையறையுடையது. முதல் வாக்கியத்தில் செறிவு என்ற சொல் உப்பையோ சர்க்கரையையோ குறிக்கிறது. ஆனால் நகர்வது நீர். உப்பை மறந்துவிட்டு நீரை மட்டும் கவனித்தால், அதுவும் நீர் மிகுதியாக உள்ள (அதாவது கரைபொருள் கலப்பு குறைந்த) பக்கத்திலிருந்து நீர் குறைவாக உள்ள பக்கத்துக்குப் பரவத்தான் செய்கிறது என்பதும், இடையில் ஒரு சவ்வு நிற்பதே வேறுபாடு என்பதும் விளங்கும். இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர். பெயர் எதுவானாலும் தராசில் ஒரு முறை அளந்து பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் மறுபடி வராது.

முதலில் பரவலைப் பார்ப்பதற்கு, கடைகளில் அகர் அகர், சைனா கிராஸ் என்ற பெயர்களில் கிடைக்கும் கடற்பாசியைக் கொதிநீரில் காய்ச்சி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலந்து, ஒரு கிண்ணத்தில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆறவிட வேண்டும். இறுகியதும் 1, 2, 3 சென்டிமீட்டர் பக்கமுள்ள மூன்று கனசதுரங்களாக வெட்டிச் சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்க வைக்கலாம். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் நீர் சிவக்கிறதல்லவா, அதே மாற்றம் இங்கே கட்டியின் விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல நகரும். அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்துத் துடைத்து நடுவில் வெட்டினால், சிவந்த பட்டையின் தடிமன் மூன்று கட்டிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பட்டை 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சிறிய கட்டியின் கொள்ளளவில் 78 சதவீதமும் பெரிய கட்டியில் 35 சதவீதமும் மட்டுமே சிவந்திருக்கும். உயிரினங்கள் ஒரே பெரிய பையாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத சிறு செல்களாகப் பிரிந்திருப்பதன் காரணங்களுள் ஒன்று இந்த வெட்டுமுகத்திலேயே இருக்கிறது. பரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். நீரில் ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு செல்லின் அகலமான 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். அதே மூலக்கூறு 1 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். நம் உடலுக்கு இதயமும் இரத்த ஓட்டமும் தேவைப்படுவது இதனால்தான்.

இனி உருளைக்கிழங்கு. தேவையானவை ஒரு பெரிய கிழங்கு, ஆறு டம்ளர்கள், தூள் உப்பு, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஆகியவை. தராசில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நான் முதல் முறை செய்தபோது 1 கிராமுக்குக் குறைவாகக் காட்டாத சமையலறைத் தராசில் ஒவ்வொரு துண்டாக வைத்து எடுத்தேன். ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் அது பெரும்பாலும் 5, 5 என்றே காட்டியது, நான் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். கல்லுப்பைத் தவிர்ப்பது நல்லது, அதன் ஈரப்பதம் எடையைக் கெடுக்கும்.

டம்ளருக்கு 200 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, அவற்றில் வரிசையாக 0, 1, 2, 3, 4, 6 கிராம் உப்பைக் கரைத்தால் 0, 0.5, 1, 1.5, 2, 3 சதவீதக் கரைசல்கள் கிடைக்கும். டம்ளர் மேல் உடனே எண்ணை எழுதி ஒட்டிவிட வேண்டும். உப்பு கரைந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிழங்கின் தோலை முழுவதும் சீவிவிட்டு (தோல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் நீர் எளிதில் போகாது), 5 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள 18 கீற்றுகளாக நறுக்கி, மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் சேர்த்து எடை போட வேண்டும். மூன்று கீற்றுகள் 16 கிராம் அளவுக்கு வரும். எல்லாக் கீற்றுகளும் ஒரே கிழங்கிலிருந்து வருவது முக்கியம், ஏனெனில் கிழங்குக்குக் கிழங்கு உள்ளே இருக்கும் சாறு மாறுபடும்.

ஒன்றரை மணி நேரம் ஊறிய பின் எடுக்கும்போது கையால் தொட்டுப் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. வெறும் நீரில் கிடந்த கீற்று விறைத்து, வளைத்தால் பட்டென்று ஒடியும். 3 சதவீத உப்பில் கிடந்தது ரப்பரைப் போல வளைந்து, விட்டால் தொங்கும். அடுத்து, பழைய பருத்தித் துணியில் எல்லாக் கீற்றுகளையும் ஒரே அழுத்தத்தில் ஒற்றியெடுத்து மறுபடி எடை போட வேண்டும். பெரும்பாலானவர்களின் அளவு கெடுவது இந்த இடத்தில்தான். ஒன்றைப் பிழிந்தும் மற்றொன்றை ஈரத்தோடும் வைத்தால் கிடைப்பது துணியின் கணக்கே தவிரக் கிழங்கின் கணக்கன்று. மாற்றத்தைக் கிராமில் விடாமல், தொடக்க எடையால் வகுத்துச் சதவீதமாக்கிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 16.0 கிராம் 17.2 ஆனால் 7.5 சதவீத ஏற்றம், 14.4 ஆனால் 10 சதவீத இறக்கம்.

உப்பின் சதவீதத்தைக் கிடைக்கோட்டிலும் எடை மாற்றத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், கோடு ஏற்றத்தில் தொடங்கி இறக்கத்துக்கு மாறும்போது பூச்சியத்தைக் கடக்கும். அந்த இடத்தில் கிழங்கின் செல்களும் வெளிக் கரைசலும் சமநிலையில் இருக்கின்றன. நீர் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் போவதும் வருவதும் சரிசமம். பாடநூலின் சமச்செறிவுக் கரைசல் என்பது இதுதான். என் கோடு 1 சதவீதத்துக்கு அருகே கடந்தது. மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் சலைனில் உப்பு 0.9 சதவீதம், நம் இரத்த அணுக்களுக்கு அது சமச்செறிவு.

இதே அளவீட்டைச் சர்க்கரையில் செய்ய விரும்புபவர்கள் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரின் நகர்வைத் தீர்மானிப்பது கரைந்த பொருளின் எடையன்று, துகள்களின் எண்ணிக்கை. உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. சர்க்கரை மூலக்கூறு பிரிவதில்லை, அதன் எடையும் உப்பைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் உப்பு சர்க்கரையைவிட ஏறக்குறைய 11 மடங்கு வலிமையாக நீரை இழுக்கும். வடுமாங்காய்க்கு அளவோடு போட்ட உப்பே காயைச் சுருக்கி, ஜாடியில் தானாக நீர் விடச் செய்கிறது. பழ ஜாமுக்கோ பழத்தின் எடைக்கு நிகராகச் சர்க்கரையைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

சவ்வின் பங்கு என்ன என்பதற்கு இன்னொரு சோதனை தேவை. இரண்டு கிழங்குத் துண்டுகளைக் கிண்ணம்போலக் குடைந்து, ஒன்றைப் பச்சையாகவும் மற்றொன்றை வேகவைத்தும், இரண்டின் குழியிலும் கெட்டியான சர்க்கரைப் பாகை அரையளவு ஊற்றி, தட்டிலுள்ள நீரில் நிறுத்தி வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் பச்சைக் கிழங்கின் குழியில் பாகின் மட்டம் ஏறியிருக்கும். வெந்ததில் ஏறாது, ஏனெனில் வெப்பத்தில் செல் சவ்வுகள் சிதைந்துவிட்டன. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அங்கே யாரும் இல்லை, நீரும் சர்க்கரையும் கலந்து திரிகின்றன. பிரெஞ்சு அறிஞர் ழான் அந்துவான் நொல்லே 1748இல் கண்டதும் இதன் இன்னொரு வடிவமே: மது நிரப்பிய குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் மூழ்க வைத்தபோது, நீர் உள்ளே புகுந்து அந்தத் தோல் புடைத்தது. உயிருள்ள செல்லின் கொழுப்புச் சவ்வை நீர் எப்படி அத்தனை வேகமாகக் கடக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அதற்கென்றே அக்வாபோரின் என்ற புரத வாயில்கள் சவ்வில் இருப்பதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெறும் நீரில் கிடந்த கிழங்கு ஓரளவு பருத்ததும் நின்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சவ்வுக்கு வெளியே உள்ள செல்சுவர் எதிர்த்து அழுத்துவதால் அதற்கு மேல் நீர் நுழைய முடிவதில்லை. வாடிய கீரைக் கட்டில் நீர் தெளித்தால் நிமிர்வதும் இந்த விறைப்பழுத்தத்தால்தான். சிவப்பணுவுக்குச் சுவர் கிடையாது, ஆகவே அதைத் தூய நீரில் விட்டால் உப்பி வெடிக்கும். வாலை வடித்த நீரை நேரடியாக நரம்பில் ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம் அதுவே.

எல்லாமே தானாகப் பரவிவிடும் என்று மட்டும் முடிவு கட்டக் கூடாது. வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்போடு குளுக்கோஸ் சேர்வது சுவைக்காக அன்று. சிறுகுடல் செல்லின் சவ்வில் உள்ள ஒரு புரதம் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகிறது. அவை போன பிறகுதான் நீர் சவ்வூடுபரவலால் பின்தொடர்கிறது. சர்க்கரையை அளவுக்கு மீறிக் கரைத்தால் அதே விதி எதிராகத் திரும்பி, உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஆகவே பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்.

எடை போட்டு முடித்த கீற்றுகளை எறிந்துவிடாமல் 3 சதவீதத்தில் துவண்டவற்றை மட்டும் உப்பில்லாத நீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தராசில் வைத்துப் பாருங்கள். சவ்வு இன்னும் உயிரோடிருந்தால் எடை ஏறும், கீற்று மறுபடி விறைக்கும்.