பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

கத்தோலிக்கர்கள் சாமியாரிடம், அதாவது கோவில் குருவிடம், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். நான் 14 வருஷம் அதற்குப் போகவில்லை. சின்ன வயதில் ஒரு சாமியார் சத்தம் போட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் அம்மாவின் சங்கிலி. தங்கைக்குச் சேர வேண்டிய 3 பவுனை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

போவதற்கு நல்ல நாளாகப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் வரிசை நீளம், சாமியாருக்கும் அவசரம். சாதாரண சனிக்கிழமை சாயங்காலம் நிதானமாகப் பேசலாம். சொந்தப் பங்குக் கோவிலில் கூச்சமா, பக்கத்துப் பங்குக் கோவிலுக்குப் போங்கள். நான் பஸ் ஏறித்தான் போனேன். போனில் சொல்லி மன்னிப்பு வாங்க முடியாது.

முந்தின ராத்திரி பைபிளின் பத்துக் கட்டளைகளை வைத்துச் செய்த பாவங்களை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும், "என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி" என்று ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட்டால், அப்புறம் அவரே வழி காட்டுவார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்திருந்தால் சொந்த வார்த்தை போதும்.

பாவத்தை அதன் பெயரால் சொல்லுங்கள். "பண விஷயத்தில் ஒரு தப்பு நடந்துபோச்சு சாமி" என்றேன். எங்கள் நடுவே இருந்த கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நடந்ததா, செய்தீங்களா?" என்றார். "திருடினேன்" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மைத்துனர் பேசியது, கடன்காரன் நெருக்கியது எல்லாம் அங்கே வேண்டாம். அடுத்தவர் பாவத்தைச் சொல்ல நாம் போகவில்லை. கனமான பாவமானால் எத்தனை முறை என்றும் சொல்ல வேண்டும். மறந்துபோனதும் மன்னிப்பில் சேர்ந்துவிடும், கனமானது நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும். தெரிந்தே மறைத்தால்தான் எல்லாம் வீண். கோர்ட்டில் கேட்டாலும் சாமியார் வாய் திறக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

பணத்தைக் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ அப்போதே கையை உயர்த்தி, "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்றார். பைபிளில் லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். 'கூலியாளாக வைத்துக்கொள்ளும்' என்று அப்பாவிடம் சொல்லத்தான், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன் தயார் செய்துகொண்டு வருகிறான். அந்த வரிக்கு வருவதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு நல்ல துணி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

மன்னிப்பு கிடைத்தாலும் எடுத்ததைத் திருப்பித்தான் ஆக வேண்டும். "சக்கேயு நாலு மடங்கு தர்றேன்னான், நீங்க ஒரு மடங்கு கொடுங்க" என்றார் சாமியார். சக்கேயு, ஏமாற்றி வாங்கியதைத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன வரிவசூல்காரன். நகையானால் நகையாகவே கொடுங்கள், அன்றைக்கு விற்ற விலைக்குக் கணக்குப் போடாதீர்கள். இதுவரை ஒன்றரைப் பவுன் கொடுத்திருக்கிறேன். தங்கை வாங்கி வைத்துக்கொண்டாள். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.