லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா? பிக்கப்பின் பின் டிஃபரன்ஷியலைப் பழகுவது எப்படி

மழை விட்ட மறுநாள் பிக்கப்பை வயல் ஓரமாக இறக்குகிறீர்கள். இடது பின் சக்கரம் களிமண்ணில் இறங்கிவிட்டது. டயர் வெட்டுகளில் மண் அப்பி, மொழுமொழுவென்று வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது குழி தோண்டுகிறது. கெட்டித் தரையில் நிற்கும் வலது சக்கரமோ அசையவே இல்லை. இன்ஜினில் குறை இல்லை. ஓப்பன் டிஃபரன்ஷியலின் குணமே அதுதான்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு முழு வட்டத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அதைச் சமாளிக்கத்தான், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியல். ஆனால் ஓப்பன் வகை இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். சேற்றுச் சக்கரம் 100 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கினால், நல்ல தரையில் இருப்பதற்கும் அதே 100தான் கிடைக்கும். இதற்கு மாற்று இரண்டு: இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கர், ஒரு சக்கரம் மட்டும் வழுக்குவதை ஓரளவு கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப்.

படி 1: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். ஆக்சில் படத்தின் நடுவே பெருக்கல் குறி போட்ட சுவிட்ச் இருந்தால் லாக்கர். டொயோட்டா ஹைலக்ஸில் இப்படித்தான் வருகிறது.

சுவிட்ச் இல்லையென்றால் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் ஓப்பன். அதே திசையில் சுற்றினால் கிளட்ச் பிளேட் வைத்த லிமிடெட் ஸ்லிப். பிளேட் தேய்ந்துபோயிருந்தால் அதுவும் ஓப்பன் போலத்தான் காட்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் 1973 முதல் வரும் ஈட்டன் ஜி80 ஒரு தனி ரகம். மேலே சொன்ன சோதனையில் அதுவும் ஓப்பன் போலவே தெரியும். ஓடும்போது இரு சக்கரங்களுக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தால், சுவிட்ச் எதுவும் இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும்.

படி 2: லிமிடெட் ஸ்லிப் என்றால்

ஓட்டுவதில் தனியாகச் செய்ய ஒன்றுமில்லை. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் பிரேக்கை லேசாக மிதித்தபடி மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். மறுபக்கத்துக்கு இழுவை கிடைக்கும். ஆயிலில்தான் கவனம் வேண்டும். கிளட்ச் பிளேட் வகைக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கும் சேர்க்கை) கலந்த கியர் ஆயில் தேவை. சாதாரண ஆயில் ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிரும்.

படி 3: லாக்கர் என்றால்

நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான். சக்கரம் நன்றாகப் புதைந்து, வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் பற்கள் ஒன்றோடொன்று கோர்க்கும் வேலை அது. சுற்றும்போது கோர்த்தால் உடைந்துபோகும். சேற்றைப் பார்த்ததுமே, இறங்குவதற்கு முன்பே போடுங்கள்.

வண்டியை முழுதாக நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். எந்த கியர் நிலையில் லாக் வேலை செய்யும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பலவற்றில் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக நிலை) போட்டிருக்க வேண்டும். மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அழுத்தியதும் விளக்கு கண் சிமிட்டும், அதாவது பற்கள் இன்னும் சேரவில்லை. ஊர்ந்து நகர்ந்தபடி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் துளி அசைத்தால், சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரியும்.

அப்புறம் நேராக, மணிக்கு 8 கிலோமீட்டருக்குள் போங்கள். திருப்பினால் ஸ்டீயரிங் கனத்து, வண்டி நேராகவே போகப் பார்க்கும். டொயோட்டாவில் லாக் விழுந்திருக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: விடுவிப்பது

கெட்டித் தரைக்கு வந்ததும் சுவிட்சை அணையுங்கள். விளக்கு உடனே அணையாமல் போகலாம். பூட்டின இடத்தில் அழுத்தம் மிச்சமிருந்தால் பற்கள் பிரியாது. அதே மாதிரி மெதுவாக நகர்ந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இப்படி அப்படி அசையுங்கள். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தார் ரோட்டில் ஏற்றுங்கள்.