துண்டைக் கொண்டு வாங்கோ: ஊரில் ஆஸ்பத்திரிச் செலவை விவாதிக்கிற விதம்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, எங்கட சனசமூக நிலையத்தில் ஒரு விவாதம் வைத்தோம். தலைப்பு, "மருத்துவம் முழுவதையும் அரசாங்கமே இலவசமாகத் தரவேண்டும்." இருபது நிமிஷம் தாண்டவில்லை. ஒரு தம்பி எழும்பி, "வரி எடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு மருந்து தரத் தெரியாதோ?" என்றான். கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர், "அரசாங்கம் செய்தா உப்பிடித்தான், தனியாரிட்டைக் குடுத்துப் பாருங்கோ" என்றார். அதற்குப் பிறகு யாருக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது, யாருடைய பேர் பட்டியலில் விடுபட்டது என்று கதை எங்கேயோ போய், இரண்டு பேர் பிளேன்ரீயும் குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனார்கள்.

நான் முப்பது வருஷம் மிட்வைஃப் வேலை செய்து பென்சனுக்கு வந்தவள். முல்லைத்தீவில் முள்ளியவளையைச் சுற்றி நான் சைக்கிள் விடாத ஒழுங்கை இல்லை. அரசாங்கச் சம்பளம் எடுத்தவளும் நான்தான், இப்போது பிரஷருக்குக் கிளினிக் கொப்பியோடு வாங்கில் குந்தியிருக்கிறவளும் நான்தான். அந்த ஞாயிறு குழம்பிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் வேறு விதமாக வைத்தோம், சரிவந்தது. உங்கட ஊரிலும் வைக்க விரும்புகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அறிவித்தலில் ஒரு வரி சேர்ப்பது: "கடந்த 6 மாத ஆஸ்பத்திரித் துண்டுகளோடு வரவும். துண்டு இல்லாதவர்கள் முதல் சுற்றில் பேச முடியாது." இந்த ஒரு வரியே பாதிச் சத்தத்தைக் குறைத்துவிட்டது. துண்டென்றால் எல்லாம்தான். வெளியில் வாங்கச் சொல்லி எழுதித்தந்த சிட்டை, பாமசி பில், லாப் ரிப்போட், தனியாரில் வைத்தியரைக் காட்டக் காசு கட்டின (சனல் பண்ணின) ரசீது, பஸ் ரிக்கெற். பாமசி பில்லில் ஒரு கவனம் வேண்டும். அந்த வழுவழுப்பான தாள் மூன்று மாதத்தில் வெளிறிப்போகும். வாங்கின அன்றைக்கே பின்பக்கத்தில் மருந்தின் பெயரையும் தொகையையும் பேனையால் எழுதி வையுங்கோ. எங்கட கூட்டத்துக்கு வந்ததில் பதினொரு பில் வெறும் வெள்ளைத் தாள்.

பாயை விரித்து, துண்டுகளை நாலு குவியலாகப் பிரித்தோம்: மருந்து, சோதனை, வைத்தியர், பயணம். சங்கக் கணக்குப் பார்க்கிற பிள்ளை கூட்டிச் சொன்னாள். இருபத்து மூன்று குடும்பம், மருந்து 88,000 சொச்சம், சோதனை 64,000. வைத்தியருக்கும் பயணத்துக்கும் அதைவிடக் குறைவு. அப்போதுதான் கச்சான் பிடுங்கப் போகிற ஒரு தங்கச்சி கேட்டாள், "அக்கா, கிளினிக்குக்குப் போற நாளில கூலி போகுது. அதுக்கு என்ன துண்டு?"

அதற்குத் துண்டு கிடையாதுதான். குசினியில் இருந்து ஒரு பேணி புளியங்கொட்டை எடுத்து வந்து, கூலி போன ஒரு நாளுக்கு ஒரு கொட்டை வைக்கச் சொன்னேன். ஆச்சி ஒருத்தி கையைத் தூக்கி, "எனக்குக் கூலி போகேல்லைப் பிள்ளை. என்னைக் கூட்டிக்கொண்டு போன மருமோனுக்குத்தான் போனது. அவருக்கு வைக்கலாமோ?" என்றாள். வைக்கலாம், வையுங்கோ என்றேன். எண்ணினபோது 61 கொட்டை. எங்கட பக்கம் நாட்கூலி 2,500 என்று வைத்தால் 152,500 ரூபாய். மருந்தும் சோதனையும் சேர்ந்த தொகைக்கே அது கிட்டமுட்ட வந்துவிட்டது. முந்தின மாதம் கத்தின தம்பி அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டுகளைப் பார்த்த பிறகுதான் தலைப்பை எடுக்கவேண்டும், முன்னுக்கு அல்ல. "அரசா, தனியாரா" என்று வைத்தால் கட்சிக் கூட்டமாகிவிடும். "கிளினிக்கில் இல்லாத மருந்தின் செலவை யார் ஏற்பது?", "அரச வைத்தியர்கள் பின்னேரத்தில் தனியாரில் பார்க்கலாமா?", "இரத்தச் சோதனையும் கிளினிக்கும் ஏன் வேறு வேறு நாள்?" இப்படி ஒரு பொருளைக் கையில் பிடிக்கிற மாதிரித் தலைப்பு வையுங்கோ. "இலவசம்" என்ற சொல்லையும் அன்றைக்கு ஓரமாக வைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் காசு கேட்பதில்லை. அவ்வளவுதான் உண்மை. வாசலுக்கு இந்தப் பக்கம் போகிற காசுதான் பாயில் கிடக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பேஸ்புக்கில் வாசித்ததைச் சொல்வார்கள். நான் ஒரு தாளில் எழுதி இரண்டு அணிக்கும் ஒரேமாதிரிக் கொடுத்தேன். 1931 இல் இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 இல் மலேரியா வந்து ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கு, கிராமத்துக்கு ஆஸ்பத்திரி கேட்டு நின்ற சனத்தைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1951 இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லை என்றானது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977 இல் நிற்பாட்டினார்கள். அதே 1977 இல்தான் அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே தனியாராகப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாங்கள் இன்றைக்குப் பின்னேரம் சனல் பண்ணுவதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த 25 சதம் விவாதத்துக்கு நல்ல கொழுக்கி. சிறு தொகை வாங்கினால் வீண்செலவு குறையும் என்பார் ஒருவர். அந்தச் சிறு தொகை யாரை வாசலிலேயே திருப்பிவிடும் என்று மற்றவர் கேட்பார். விடுங்கோ, கேட்கட்டும்.

நடத்துகிறவர் பக்கம் சாயக்கூடாது என்பார்கள். ஒரு இடத்தில் நான் சாய்ந்தேன், மறைக்கவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வன்னியில் யுத்தத்துக்குள்ளும் இரத்தம் குத்திப் பார்த்து, மருந்தடித்துத் திரிந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். வராத வியாதிக்கு ஆர் காசு கட்டுவான்? தடுப்பூசி, நிறை பார்க்கிறது, கர்ப்பிணித் தாயை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது, இதில் இலாபம் இல்லை. ஆனபடியால் எந்தத் தனியாரும் எங்கட ஒழுங்கைக்கு சைக்கிளில் வரப்போவதில்லை.

செலவு ஏன் ஏறுது என்று கேட்டால் எல்லாரும் "கள்ளன்கள்" என்பார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கோ, ஆனால் அங்கேயே நின்றுவிடாதேங்கோ. மருந்தில் பெரும்பகுதி கப்பலில் வருவது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 தாண்டியது. அந்த வருஷத்திலும் பிறகும் வைத்தியர்கள் நிறையப் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். இன்னொன்று, வியாதியே மாறிப்போச்சு. நான் வேலைக்கு வந்த காலத்தில் காய்ச்சலும் வயிற்றோட்டமும்தான். ஐந்து நாள் மருந்தோடு முடியும். இப்போது பிரஷர், சலரோகம், வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய். இரத்தம் சுத்திகரிக்கிற ஒருவர் கிழமைக்கு இரண்டு, மூன்று தரம் போகவேண்டும், சாகும்வரை. எந்த ஆட்சி வந்தாலும் இந்தச் செலவு குறையாது.

மருந்து விலையில் நான் முட்டாளான கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022 இல் கிளினிக்கில் என்னுடைய பிரஷர் குளிசை லோசாட்டான் முடிந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். போன பாமசியில் ஒரு குளிசை 62 ரூபாய் என்று தந்தார்கள். முப்பது வருஷம் சுகாதாரத் திணைக்களத்தில் இருந்தவள், ஒரு கேள்வி கேட்காமல் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு பாமசியில் ஒரு பெடியன், "அம்மா, இதே மருந்து வேற கொம்பனியில 18 ரூபாய்க்கு இருக்கு, தரட்டோ?" என்று கேட்டான். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கினதே இதற்காகத்தான். கொம்பனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரில், கேள்விப்பத்திரம் கோரி, குறைந்த விலைக்கு வாங்க. விவாதத்தில் இதைச் சொல்லும்போது வெறுமனே பெருமையாகச் சொல்லாதேங்கோ. இரண்டு குளிசை மட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கோ. நான் காட்டினேன். கடைக்கார அண்ணை கண்ணாடியைப் போட்டு இரண்டிலும் பெயரை வாசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதான்" என்று தானே சொன்னார்.

வெளிநாட்டுக் கதை கட்டாயம் வரும். எல்லா வீட்டிலும் கனடாவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். தடுக்காதேங்கோ, அங்கேயே போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கோ. கனடாவில் 1984 சட்டப்படி வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கையால் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் போடுகிற குளிசை, பல்லு, கண்ணாடி? முழங்கால் மாற்ற எத்தனை மாதம் காத்திருந்தார்? சுவிஸில் உள்ளவரிடம் மாதம் மாதம் காப்புறுதிக்கு என்ன கட்டுகிறார் என்று கேளுங்கோ. அங்கே 1996 தொடக்கம் அது எல்லாருக்கும் கட்டாயம். வளர்ந்தவர் என்றால் வருஷத்தில் முதல் 300 பிராங்காவது கைக்காசு. எங்கட போனில் வந்த மச்சான், "ஃப்ரீ எண்டு ஆர் சொன்னது? வருத்தம் வர முன்னமே காசு கட்டுறம்" என்றார். அதைக் கேட்டு ஒருவர், "நாங்கள் வரியே கட்டேல்லை, எப்பிடிக் கேக்கிறது?" என்றார். சவர்க்காரம் வாங்கினீங்களோ, போனுக்கு ரீலோட் போட்டீங்களோ என்று கேட்டேன். 2024 தை மாதம் தொடக்கம் பெறுமதி சேர் வரி 18 வீதம். கட்டியாச்சு.

இனி ஆட்களைப் பிரிக்கிறது. சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிக்கவேண்டும். முதல் சுற்று முடிய, பக்கத்தை மாற்றுங்கோ. இதுதான் முழுக் கூட்டத்திலும் பெறுமதியான வேலை. கடைக்கார அண்ணை அரசாங்கத்துக்காகப் பேசவேண்டி வந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, தகப்பனுக்கு நெஞ்சு நொந்த இரவு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்ததைச் சொன்னார். வண்டி வந்தது, ஏற்றிப் போனார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. "அண்டைக்கு வானுக்கு எண்டால் நான் கடைச் சாமானை வித்திருக்கவேணும்." மற்றப் பக்கம் தம்பி. தனியாருக்காகப் பேச எழும்பி, பாயில் கிடந்த கொட்டையில் ஒன்றை எடுத்தான். "பின்னேரம் தனியாரில காட்ட ஆயிரம், மருந்து எண்ணூறு. இந்தக் கொட்டை ரெண்டாயிரத்து ஐந்நூறு. கூலிக்குப் போறவனுக்குக் காசு குடுத்துப் பாக்கிறதுதான் மலிவு." ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. எனக்கும்தான். அந்த ஒரு கணக்குக்காக மட்டும் இந்தக் கூட்டம் வைத்திருக்கலாம்.

மூன்று விதி சொல்லிவிட்டுத் தொடங்கினோம். ஆஸ்பத்திரியின் பேரும் வைத்தியரின் பேரும் சொல்லக்கூடாது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் முதலில் பேசவேண்டும், உரத்துப் பேசுகிறவர் கடைசியில். கட்சிக்காரர் வரலாம், தாங்களும் துண்டு கொண்டு வந்தால்.

யுத்தம் முடிந்த 2009 பற்றி யாராவது பேசத் தொடங்குவார்கள். தறப்பாளுக்குக் கீழே, மருந்தில்லாமல் நடந்த வைத்தியம். அதற்கு மணி அடிக்காதேங்கோ, மறுத்துப் பேச ஆளும் போடாதேங்கோ. பேசி முடிய ஒரு பிளேன்ரீ கொடுங்கோ. நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிறகு யாரும் சொல்லாமலே விவாதத்துக்குத் திரும்பினார்கள்.

முடிவில் வாக்கெடுக்கத் தேவையில்லை, கடிதம் எழுதுங்கோ. யாருக்கு என்று தெரிந்து எழுதவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். எங்கட பக்கத்து ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மாகாண சபையோ 2018 ஐப்பசியோடு காலம் முடிந்து, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆகவே மாகாண அமைச்சர் என்று ஒருவரைத் தேடி அலையாதேங்கோ. மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கு ஒன்று, உங்கட ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவுக்கு ஒரு பிரதி. "மருந்து தாருங்கள்" என்று எழுதினால் கோவையில் போய்க் கிடக்கும். நாங்கள் இரண்டே கேட்டோம். கிளினிக் மருந்தில் எது முடிந்திருக்கிறது என்று முதல்நாளே பலகையில் எழுதுங்கள். இரத்தம் எடுக்கிறதையும் கிளினிக்கையும் ஒரே நாளில் வையுங்கள். பலகை வந்தது. ஒரே நாள் இன்னும் வரவில்லை, லாப்பில் ஆள் காணாதாம்.

அடுத்த கூட்டம் சிறுபோக வெட்டு முடியத்தான். ஒரு புத்தி சொல்கிறேன், எண்ணினதைக் கையோடு கொப்பியில் எழுதிவிடுங்கோ. நான் 61 கொட்டையையும் ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். முந்தநாள் இறக்கிப் பார்த்தால் 49 தான். பேரன் பின்விறாந்தையில் பிள்ளையளோடு குழி கிண்டி விளையாடியிருக்கிறான்.