காட்டுப் பாதை வண்டிக்குக் கியர் எண்ணெய்: பெரிய நம்பர் பார்த்து வாங்காதீர்கள்

உலு லங்காட் பக்கம் ஆறு இறங்கி ஏறி வந்த இரண்டாவது வாரம், என் பிக்கப்பில் மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கிளட்ச்தான் போய்விட்டது என்று நினைத்து செந்தூலில் ஒரு பழைய போர்மேனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொண்டு போனேன். அவர் கிளட்சைத் தொடவே இல்லை. கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி, வடிந்ததில் இரண்டு விரலை நனைத்து மோந்து பார்த்தார். "தம்பி, அழுகின முட்டை வாடை வருது பாருங்க. இது டிஃபரென்ஷலுக்கு ஊத்துற எண்ணெய். யாரு இங்க ஊத்துனது?" எண்ணெயை வாங்கிக் கொடுத்தது நான்தான். டப்பாவில் போட்டிருக்கும் வகை நம்பரில் நாலைவிட ஐந்து உயர்ந்த தரம், காட்டுக்குப் போகிற வண்டிக்கு அதுதான் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். வடிதட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய்க்குள் பொன்னிறத்தில் மெல்லிய தூள் மினுங்கியது. அது பித்தளை, தேய்ந்துபோன சிங்க்ரோ வளையத்தின் தூள்.

சனி ஞாயிறு கோலகுபுபாரு, உலு யாம் என்று கிளம்பும் நம் பையன்கள் நிறையப் பேர் இதே கணக்கில்தான் எண்ணெய் வாங்குகிறார்கள். வண்டி எவ்வளவு அடி வாங்குகிறதோ அவ்வளவு கெட்டியான, அவ்வளவு பெரிய நம்பர் போட்ட எண்ணெய் வேண்டும் என்ற கணக்கு. எனக்கு மூன்றாவது கியரே போனதால் சொல்கிறேன், அந்தக் கணக்கு தப்பு. பாதை எவ்வளவு கரடுமுரடு என்பதைவிட எண்ணெய் ஊற்றும் பெட்டிக்குள் என்ன உலோகம் இருக்கிறது, எது எதோடு உரசுகிறது என்பதைப் பார்த்துத்தான் எண்ணெய் எடுக்க வேண்டும்.

முதலில் இந்த நாலு, ஐந்து விவகாரம். டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) ஜிஎல்-4, ஏபிஐ ஜிஎல்-5 என்று போட்டிருப்பது மதிப்பெண் இல்லை, எந்த வேலைக்கு என்று சொல்லும் வகை. டிஃபரென்ஷல், அதாவது இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதில் இருக்கும் ஹைபாய்ட் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று பலமாக வழுக்கவும் செய்யும், அங்கே எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஜிஎல்-5இல் ஜிஎல்-4ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். அந்த மருந்து சூட்டில் இரும்புப் பல்லின் மேல் ஒரு தோல் மாதிரி படிந்து பல்லைக் காப்பாற்றும். சரி, அதையே கொண்டுபோய் மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால்? அங்கே பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கிறது. நாம் கியரை மாற்றும்போது அந்த வளையம் கூம்பின்மேல் உரசிப் பிடித்து இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும், உரசல்தான் அதன் வேலையே. அளவுக்கு மேல் வழுக்கினால் பிடி கிடைக்காது, பல் பல்லோடு மோதும், அந்தக் 'கர்ர்' அங்கிருந்துதான் வருகிறது. போதாததற்குக் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். செம்புக்கும் பித்தளைக்கும் ஆபத்தில்லாத ஜிஎல்-5 இப்போது சிலர் தயாரிக்கிறார்கள், சில வண்டிகளின் கையேட்டிலேயே மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 என்றும் போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்று இருக்கும்போது கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு படி ஏறுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இறங்குவதும் கூடாது. டிஃபரென்ஷலில் ஜிஎல்-4 ஊற்றி மலை ஏறினால் ஹைபாய்ட் பல் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்துவிடும். ஜிஎல்-6 என்று போட்ட டப்பாவும் சில கடைகளில் கண்ணில் படும். அந்த வகை வழக்கொழிந்து பல காலம் ஆகிறது, அதைச் சோதிக்கும் கருவியே இப்போது இல்லை. அதைக் காட்டி விலை கூட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது கெட்டி. நம் ஊர் வெயிலுக்கு 85டபிள்யூ-140 போட்டால்தான் நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டாவது நம்பர் ஊர் வெயிலை வைத்துப் போட்டது கிடையாது, 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது. கோலாலம்பூரில் 33 டிகிரி அடித்தாலும் குளிர்நாட்டில் பனி பெய்தாலும், பெட்டி சூடேறி நன்றாக ஓடும்போது வேண்டிய கெட்டி பெரும்பாலும் ஒன்றுதான். இன்னொரு குழப்பம், மலாய்க்காரர்கள் மின்யாக் ஹித்தாம் என்று சொல்லும் எஞ்சின் எண்ணெயின் நம்பரோடு கியர் எண்ணெய் நம்பரை ஒப்பிடுவது. 90 என்று போட்ட கியர் எண்ணெய் 40ஐவிட இரண்டு பங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். 100 டிகிரியில் 90 கியர் எண்ணெய் 13.5இலிருந்து 18.5 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்கும் அலகு), 40 எஞ்சின் எண்ணெய் 12.5இலிருந்து 16.3. கிட்டத்தட்ட ஒரே தண்ணி. அளவுகோல்தான் வேறு. 140 என்றால் 24க்கு மேல். அதை மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால் காலையில் இரண்டாவது கியர் விழ அடம் பிடிக்கும், சின்னச் சின்ன பேரிங்குக்குள் எண்ணெய் போய்ச் சேர நேரமாகும், கலக்கிக் கலக்கியே பெட்டி கூடுதலாகச் சூடாகும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் நம்பர் குளிருக்கு உள்ளது. 75டபிள்யூ-90 கேட்கும் பெட்டியில் அவசரத்துக்கு 80டபிள்யூ-90 ஊற்றினால் நம் சீதோஷ்ணத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கெட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பது அந்த அளவுதான்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. ஃபோர் பை ஃபோர் வண்டியில் கியர்பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷல், பின் டிஃபரென்ஷல் என்று நான்கு பெட்டி தொங்குகிறது, நான்கும் ஒரே எண்ணெய் குடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய ரேஞ்ச் ரோவரில் வந்த எல்டி95 பெட்டிக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய். பின்னால் வந்த எல்டி77க்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். அதற்கும் பின் வந்த ஆர்380க்கு எம்டிஎஃப்94 என்று தனி எண்ணெய். ஒரே கம்பெனி, ஒரே பரம்பரை, மூன்று பெட்டிக்கு மூன்று எண்ணெய். அதனால் "என் மச்சான் வண்டிக்கு இதுதான் ஊத்துனான்" என்பது பதில் ஆகாது, மச்சான் வண்டி ஒரு வருடம் முன்பின் வந்திருந்தாலே பெட்டி மாறியிருக்கலாம். பல ஜீப் ரேங்லர்களில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஏடிஎஃப்தான், அதில் 90 எண்ணெய் ஊற்றிவிட்டு வண்டி ஏன் கனமாக ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின் டிஃபரென்ஷல் கிளட்ச் தகடு வைத்த லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் வகை) என்றால் அதற்கென்று மருந்து கலந்த எண்ணெய் கேட்கும், இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது கடகடவென்று உதறும். ஆட்டோ கியர்பாக்ஸில் கையேட்டில் உள்ள பெயரைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சிவப்பு வெறும் சாயம்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான எண்ணெய் வாங்கியவர்களும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மலையேறி வந்த பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டோடு ஆற்றில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கியதும் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். பெட்டியின் மேலே மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, பிரீதர் என்பார்கள். அது தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை உறிஞ்சும். முழுகியிருந்தாலோ சேற்றில் அடைத்திருந்தாலோ தண்ணீர் அந்த வழியாகவோ சீல் வழியாகவோ உள்ளே வந்துவிடும். ரப்பர் குழாய் போட்டு நான்கு பிரீதரையும் எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை தூக்கிவிடுங்கள், குழாய்க்கும் கிளிப்புக்கும் பெரிய செலவில்லை. ஆற்றில் இறங்கும் முன் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும் உதவும். வீடு வந்து சேர்ந்ததும் எண்ணெயைப் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மறுநாள் காலை டிரெயின் பிளக்கை அரைச் சுற்று தளர்த்தினால், தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் ஏற்கெனவே கலங்கியிருந்தால் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வரும், ஏடிஎஃப் என்றால் சிராப் பண்டுங் மாதிரி வெளிறிய ரோஸ் நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்தபின் வண்டியை வேலைக்கு ஓட்டிப் போகாதீர்கள். ஆட்டோ கியர்பாக்ஸில் தண்ணீர் கிளட்ச் தகட்டின் பசையையே இளக்கிவிடும், அதன்பின் எண்ணெய் மாற்றியும் பலன் இருக்காது.

மாற்றும்போது நடக்கும் ஒரு தவறு, சின்னது, ஆனால் அன்றைய நாளையே கெடுத்துவிடும். எண்ணெய் ஊற்றும் மேல் பிளக், அதாவது ஃபில்லர் பிளக், கழலுகிறதா என்று பார்க்காமல் அடியில் வடித்துவிடுவது. வடித்தபின் மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் எண்ணெய் இல்லாத வண்டி வாசலில் நிற்கும். மேல் பிளக்கை முதலில் திறங்கள். சமதளத்தில் நிறுத்தி, பெரும்பாலான மேனுவல் பெட்டிகளில் அந்தத் துளையிலிருந்து வழியும் மட்டத்துக்கு ஊற்றினால் போதும். கூட இருந்தால் நல்லது என்று வண்டியைச் சாய்த்து வைத்து ஊற்றினால் நுரைத்து பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே வரும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், துண்டு துண்டாக இரும்பு இருந்தால் பயப்படலாம். பித்தளையைக் காந்தம் பிடிக்காது, அதனால் வடிதட்டையும் பாருங்கள். வடித்த எண்ணெயைக் காட்டோரமோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். நாம் குளிக்கிற ஆறுதான் அது. பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

சிங்க்ரோ மாற்றி முடித்த அன்று, போனட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர் பேனாவால் நான்கு வரி எழுதி வைத்தேன்: எந்தப் பெட்டி, எந்த வகை, எந்த நம்பர், எத்தனை லிட்டர். கடைசியாக மாற்றிய கிலோமீட்டரையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். இப்போது கடைக்குப் போனால் போனட்டைத் திறந்து அதைக் காட்டித்தான் எண்ணெய் கேட்கிறேன்.