கடல் மீன் தொட்டிக்கு வீட்லயே சிமெண்ட் கல்லு செய்றது எப்படி

கடல் மீன் தொட்டி வைக்கணும்னு ஆசையா கடைக்குப் போனா, கண்ணாடி, மோட்டார், லைட் எல்லாத்துக்கும் எப்படியோ மனச தேத்திக்கலாம், கல்லு விலைய கேட்டதும்தான் பேசாம திரும்பி நடந்துருவோம். என் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், முழுசா நிரப்புனா 250 லிட்டர் சொச்சம் புடிக்கும், அதுக்கு ஒரு 25 கிலோ கல்லாவது வேணும். கிலோ கணக்குல விலைய சொன்னாரு பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணேன், நம்மளே செஞ்சுக்கலாம்னு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. மதுரைக்காரங்க எல்லாருக்கும் வர்ற யோசனை இது, எனக்கும் வந்துச்சு. இந்தா இருக்கு ராமேஸ்வரம், ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டுப் போயி கரையில கெடக்குற செத்த பவளக் கல்ல ரெண்டு சாக்கு அள்ளிட்டு வந்தா என்னன்னு. வேணாம்ணே. பவளம் 2001ல இருந்தே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, செத்துப் போன பவளத்துக்கும் சேத்துத்தான். அதோட மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்ததுல ரெண்டு தீவு கடலுக்குள்ள போயிருச்சு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வெட்டி எடுத்தது அதுக்கு ஒரு பெரிய காரணம். சிமெண்ட் கல்லே போதும் நமக்கு.

இந்த கல்லு தொட்டியில அழகுக்கு மட்டும் இல்ல. மீன் போடுற கழிவுல வர்ற அம்மோனியாவ தின்னு மாத்துற பாக்டீரியா குடியிருக்க இடம் வேணும், அதுக்கு கல்லு முழுக்க ஓட்டை ஓட்டையா, இட்லிய பிச்சா உள்ள தெரியுமே அப்படி இருக்கணும். அந்த ஓட்டைக்குத்தான் உப்பு போடுறோம். சிமெண்ட் இறுகின பிறகு தண்ணியில ஊற வச்சா உப்பு கரைஞ்சு போயிரும், உப்பு இருந்த இடம் பூரா ஓட்டையா நிக்கும்.

என்னென்ன வாங்கணும்

25 கிலோ கல்லுக்கு 10 கிலோ வெள்ளை சிமெண்ட், 15ல இருந்து 20 கிலோ கிளிஞ்சல் குருணை, அப்புறம் கல் உப்பு, கலவைக்கும் வேணும், பெட்டியில பரப்பவும் வேணும். அவ்வளவுதான் சாமான்.

சிமெண்ட்ல உஷாரா இருக்கணும். ஹார்ட்வேர் கடையில போயி வெள்ளையா பவுடர் குடுங்கன்னா வால் புட்டிய எடுத்து நீட்டிருவாங்க, அதுல பாலிமர் கலந்திருக்கும், ஆகாது. பாக்கெட்ல வெள்ளை சிமெண்ட்னு எழுதியிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. சாம்பல் கலர் சிமெண்ட்லயும் செய்யலாம், செலவு கம்மி, ஆனா மூட்டையில ஓபிசின்னு (OPC, கலப்பில்லாத சாதா சிமெண்ட்) போட்டிருக்கணும், பிபிசி (PPC) வேணாம், அது ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்தது, அதுல என்னென்ன உலோகம் கூட வருதுன்னு நமக்குத் தெரியாது. வாட்டர் ப்ரூஃப் லிக்விட், கலர் பவுடர் எதையும் சேக்காதீங்க.

கிளிஞ்சல் குருணை கோழித் தீவனக் கடையில கிடைக்கும், முட்டைக் கோழிக்கு ஓடு கெட்டியாக போடுறது. வெறும் கிளிஞ்சல்தான் வேணும்னு அழுத்திச் சொல்லுங்க, மினரல் மிக்ஸ்னு ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், அதுல பாஸ்பேட் இருக்கு, அத போட்டா தொட்டி பூரா பாசி புடிச்சு கண்ணாடிய தேய்ச்சே கை போயிரும். கிளிஞ்சல் கிடைக்கலைன்னா தரைக்குப் போடுற வெள்ளை மார்பிள் சிப்ஸ் ஓகே, ஆனா வெள்ளையா இருக்குறதெல்லாம் மார்பிள் இல்ல, ஒரு கல்ல எடுத்து எலுமிச்சம்பழத்த புழிஞ்சு விடுங்க, பொறுபொறுன்னு நுரைச்சா சுண்ணாம்புக் கல்லு, சும்மா கெடந்தா வேற ஏதோ கல்லு. எம்-சாண்ட் வேணாம், அது கருங்கல் தூளு.

கல் உப்பு கீழமாசி வீதியில மூட்டையாவே வாங்கலாம், நம்மூருக்கு தூத்துக்குடி உப்புக்கு என்ன பஞ்சம். நல்லா பெரிய பரலா பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, புதுசா வர்றவங்க நெறைய பேரு கேக்குறாங்க, இதே கல் உப்ப தண்ணியில கரைச்சு தொட்டிக்கு கடல் தண்ணியா விட்டுறலாமான்னு. விடக்கூடாது. கடல் தண்ணியில சோடியம் குளோரைடு மட்டும் இல்ல, மெக்னீசியம், கால்சியம், இன்னும் என்னென்னமோ இருக்கு, அதுக்கு மெரைன் சால்ட் மிக்ஸ்னு தனியா விக்குது.

இது போக ரப்பர் க்ளவுஸ், மாஸ்க், ஒரு சாந்துச் சட்டி, மீன் கடையில தூக்கிப் போடுற தெர்மாகோல் பெட்டி ரெண்டு. க்ளவுஸ் இல்லாம கைய விடாதீங்க, ஈர சிமெண்ட் தோல அரிச்சிரும், அது அப்ப தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் எரியும்.

கலவை

எங்க சித்தப்பா கொத்தனார். ஒத்தக்கடையில எங்க வீட்டு மொட்டை மாடியில நான் சட்டியோட உக்காந்திருக்கறத பாத்துட்டு மேல வந்தாரு. "ஏண்டா, சிமெண்ட்ல உப்பு போடுறவன இன்னைக்குத்தான்டா பாக்குறேன், உப்புத் தண்ணியில கலவை போட்டாலே எஞ்சினியரு வைவாரு"ன்னாரு. அவரு சொல்றது நியாயம்தான், உப்பு கம்பிய துருப்புடிக்க வச்சிரும், கம்பி ஊதி கான்கிரீட் வெடிக்கும். நம்ம கல்லுல கம்பியே கிடையாது. அதனால புடிமானத்துக்குன்னு கம்பி வலை, கட்டுக்கம்பி, ஆணி எதையும் உள்ள வைக்காதீங்க, துருவும் வரும், தொட்டி தண்ணிக்கும் கேடு.

அளவு இதுதான், ஒரு மக்கு சிமெண்ட், ரெண்டு மக்கு கிளிஞ்சல், ஒன்றரை மக்கு உப்பு. உப்ப ரெண்டு மக்குக்கு மேல ஏத்துனா கல்லு பிஸ்கட் மாதிரி உடையும், ஏத்திப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

கிளிஞ்சல மொதல்ல நாலஞ்சு தண்ணி அலசி வடிச்சிருங்க, அழுக்கும் நாத்தமும் போகட்டும். அப்புறம் சிமெண்ட்டையும் கிளிஞ்சலையும் மொதல்ல தண்ணி விடாம பெரட்டி, பிறகு தண்ணிய தெளிச்சு தெளிச்சு பிசையணும். ஊத்தாதீங்க, தெளிங்க. புட்டுக்கு மாவு விரவுறோம்ல, கைல அள்ளி புடிச்சா புடி நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும், அதே பதம். ஒரு மக்கு சிமெண்ட்டுக்கு அரை மக்கு தண்ணிக்குள்ளயே முடிஞ்சிரும். சித்தப்பாவுக்கு இது பொறுக்கல, "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுடா, வறவறன்னு கெடக்கு"ன்னு சொம்ப எடுத்துட்டாரு. பூச்சு வேலைக்கு அவரு பதம் சரி. நமக்கு தண்ணி கூடுனா சாந்து ஓடி ஓட்டைய எல்லாம் அடைச்சு, வெறும் செங்கல் மாதிரி கெட்டிக் கல்லுதான் கிடைக்கும்.

உப்ப கடைசியாத்தான் போடணும். முன்னாடியே போட்டா பிசையுறதுக்குள்ள பாதி கரைஞ்சிரும். போட்டு நாலு பெரட்டு பெரட்டி உடனே கல்லு புடிக்க ஆரம்பிச்சிருங்க.

கல்லு புடிக்கிறது

தெர்மாகோல் பெட்டியில அரை உயரத்துக்கு கல் உப்ப பரப்பி, நடுவுல பள்ளம் தோண்டி, அதுல கலவைய அள்ளி வச்சு லேசா அமுக்குங்க. ஓங்கி அடிக்காதீங்க, கொழுக்கட்டை புடிக்கிற அமுக்கு போதும். ஒரே உருண்டையா புடிச்சா உருளைக்கிழங்கு மாதிரித்தான் வரும், என் மொத நாலு கல்லும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு மூணு புடிய பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல உப்ப குமிச்சு, அதுக்கு மேல பாலம் மாதிரி கலவைய போட்டா, உப்பு போனதும் கீழ குகை நிக்கும். கட்டை விரல விட்டு அங்கங்க குத்தி விடுங்க. மீன் நுழைஞ்சு வெளிய வர்ற அளவுக்கு ரெண்டு வழியாவது வேணும்.

முடிச்சதும் பாலித்தீன் கவர போட்டு மூடி நிழல்ல வைங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல திறந்து போட்டா சிமெண்ட் இறுகுறதுக்கு முன்னாடியே காஞ்சு போயிரும், அப்புறம் தொட்டா பொலபொலன்னு உதிரும். ரெண்டு நாள் கழிச்சு கல்ல மெதுவா வெளிய எடுங்க, அப்பவும் கல்லு பலமில்லாமத்தான் இருக்கும். திரும்ப கவருக்குள்ள போட்டு மொத்தம் ஏழு நாள் ஈரம் போகாம வைங்க.

ஊற வைக்கிறது, இதுலதான் எல்லாரும் கவுர்றோம்

செய்றது அரை நாள் வேலை, ஊற வைக்கிறது ரெண்டு மாசம். சிமெண்ட் இறுகும்போது உள்ள சுண்ணாம்பு உண்டாகுது, வெத்தலைக்கு தடவுற அதே சுண்ணாம்புதான். அது தண்ணிக்கு இறங்கி பிஎச்ச, அதாவது தண்ணியோட காரத்த காட்டுற அளவ, 12 வரைக்கும் கூட தூக்கிரும். கடல் தொட்டிக்கு வேண்டியது 8.1ல இருந்து 8.4 வரைக்கும்.

நான் மொத தடவ 12 நாள்ல பொறுமை இழந்து, கல்லு பாக்க நல்லாத்தான இருக்குன்னு தொட்டியில எறக்கிட்டேன். மறுநாள் காலைல பிஎச் 9, ரெண்டு டாம்செல் மீன் மல்லாந்து கெடந்துச்சு. பிஎச் மட்டும் காரணம் இல்ல, பிஎச் ஏற ஏற தண்ணியில கொஞ்சமா இருக்குற அம்மோனியாவும் விஷமா மாறிக்கிட்டே போகும், ரெண்டு பக்கமும் அடி.

அதனால 200 லிட்டர் நீல ட்ரம்ல கல்ல போட்டு போர் தண்ணியவே நிரப்புங்க. மொத ரெண்டு வாரம் மூணு நாளைக்கு ஒருக்க தண்ணி மாத்தணும், அப்புறம் வாரம் ஒருக்க. மறுநாள் போயி பாத்தா தண்ணி மேல பால் ஆடை மாதிரி வெள்ளையா ஒண்ணு படிஞ்சிருக்கும், விரல் பட்டா கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கும், சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடோட சேந்து அப்படி ஆகுது. வாரம் போகப் போக அந்த ஆடை மெலிஞ்சுக்கிட்டே வரும். இந்தத் தண்ணிய செடிக்கு ஊத்திராதீங்க, நாய் பூனை குடிக்கிற மாதிரியும் வைக்காதீங்க, ட்ரம்ம மூடி வைங்க.

வினிகர்ல ஊற வச்சா சீக்கிரம் ஆயிரும்னு சொல்லுவாங்க. மேல இருக்குற சுண்ணாம்பு போகும், உள்ள இருக்குறது பிறகு மெதுவா வெளிய வரும், கூடவே கிளிஞ்சலையும் கரைச்சிரும். காசுக்கு கேடு.

ஆறு வாரம் ஆனதும் சோதனை. ஒரு பக்கெட்ல ஆர்ஓ தண்ணி புடிச்சு ஒரு கல்ல போட்டு ரெண்டு நாள் வைங்க, பக்கத்துலயே கல்லு போடாம அதே தண்ணி ஒரு டம்ளர் வைங்க. ரெண்டுலயும் பிஎச் பாருங்க, ஸ்ட்ரிப் வேணாம், சொட்டு மருந்து கிட்ல பாருங்க. கல்லு கெடந்த தண்ணி 8.5க்கு கீழ இருக்கணும், ஒரு வாரம் விட்டு திரும்ப பாத்தாலும் கீழயே இருக்கணும். உப்பு போயிருச்சான்னு தெரியணும்னா தண்ணியில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சு ரெண்டு தண்ணியையும் பாருங்க, ஆர்ஓ சர்வீஸுக்கு வர்ற தம்பிகிட்டயே இருக்கும்.

தொட்டியில வைக்கிறது

மணல் போடுறதுக்கு முன்னாடியே அடிக் கல்ல கண்ணாடி மேல உக்கார வச்சிருங்க, மணல் மேல வச்சா மீன் தோண்டி கல்லு சாஞ்சிரும். இது உயிரில்லாத கல்லு, வச்ச அன்னைக்கே மீன் விடக்கூடாது. பாட்டில் பாக்டீரியா ஊத்துங்க, இல்லைன்னா ஏற்கனவே ஓடுற தொட்டி வச்சிருக்குற நண்பர்கிட்ட சின்ன கல்லுத் துண்டு ஒண்ணு வாங்கி கூட போடுங்க. அம்மோனியாவும், அத பாக்டீரியா மாத்தும்போது வர்ற நைட்ரைட்டும் ஏறி எறங்கி பூஜ்யத்துக்கு வர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அப்புறம் ஒண்ணு ரெண்டா மீன விடலாம். நண்பர் கல்லு போட்டதுல இன்னொரு லாபம், சில மாசம் கழிச்சு என் வெள்ளைக் கல்லு மேலயும் பிங்க் கலர்ல கோரலின் பாசி ஏற ஆரம்பிச்சிருச்சு, சித்தப்பா அத பாத்துட்டு என்ன பெயிண்ட்டுடான்னு கேட்டாரு.

அதிகமா செஞ்சிட்ட மூணு கல்லு மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல கெடக்கு. அதுகள ட்ரம்ல போடல, வெயில்லயும் ஐப்பசி மழையிலயும் கெடக்கட்டும்னு விட்டுட்டேன், தை பொறந்ததும் எடுத்து பிஎச் பாக்கணும்.