கன்றுக்கு ஒரு வைத்தியம், முதிர்ந்த மரத்துக்கு ஒரு வைத்தியம்: இலையுதிர் போன்சாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன்சாய் ஆசை பெரும்பாலும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. முழங்கை உயரத்தில் ஒரு மேப்பிள், முஷ்டிப் பருமனில் அடிமரம், நகத்தளவு இலைகள், தாம்பாளம் போலத் தட்டையான தொட்டி. பார்த்த கையோடு பென்சில் பருமனில் ஒரு கன்றை வாங்கி வருவோம். அதே மாதிரி தட்டைத் தொட்டியில் நடுவோம், அதே மாதிரி கொழுந்து கிள்ளுவோம், அதே மாதிரி கம்பி சுற்றுவோம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பென்சில் கொஞ்சம் தடித்த பென்சிலாகியிருக்கும், அவ்வளவுதான். என் முதல் மேப்பிளின் கதை இதுதான்.

படத்தில் இருப்பது வளர்த்து முடித்த மரம். அதற்கு நடப்பதெல்லாம் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் வேலை. கன்றுக்கு வேண்டியதோ கட்டில்லாத வளர்ச்சி. இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. மீதிப் பாதி, சரியான வேலையைப் பருவம் தப்பிச் செய்வதால் வருகின்றன. மேப்பிள், எல்ம், ஹார்ன்பீம், பீச், கிங்கோ என்று எந்த இலையுதிர் மரத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

தட்டைத் தொட்டிக்கு என்ன அவசரம்?

மரம் பருப்பது இலைகளின் தயவால். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்திசு, இலைகள் தயாரித்து அனுப்பும் உணவைக் கொண்டுதான் ஆண்டுக்கொரு வளையம் சேர்க்கிறது. ஒரு கிளை நீளமாக ஓட ஓட, அது பிறந்த இடத்திலிருந்து வேர் வரைக்கும் உள்ள பகுதி தடிக்கும். கிளையைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலை குறையும், இலை குறைந்தால் தண்டு அப்படியே நின்றுவிடும். சின்னத் தொட்டியில் வேருக்கு இடமில்லாததால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் அடிமரம் வேண்டிய பருமனை எட்டும்வரை கன்று நிலத்திலோ பெரிய பெட்டியிலோ இருக்கட்டும். நுனிக்கிளை ஆளுயரம் போனாலும் கைவைக்காதீர்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் இது என்ன போன்சாய் என்று கேட்கத்தான் செய்வார்கள். அப்புறம் ஒருநாள் தண்டைத் தாழ்வாக வெட்டிவிட்டு, வெட்டுக்குக் கீழே வரும் ஒரு துளிரைப் புதிய நுனியாக்கி, அதையும் ஓடவிட வேண்டும். அது பருத்ததும் மறுபடி வெட்டு. மூன்று நான்கு முறை இப்படிச் செய்யும்போதுதான் அடியில் பருத்து நுனியில் மெலியும் வடிவம் கிடைக்கிறது. சீனாவில் குவாங்டோங் வட்டாரத்தின் லிங்னான் பாணி முழுக்க முழுக்க இந்த ‘வளரவிட்டு வெட்டு’ முறையில் நிற்பதுதான். கம்பிக்கு அங்கே பெரிய வேலையில்லை.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. வெட்டிவிடுவதற்கென்றே வளர்க்கும் கிளையை அளவுக்கு மீறி விட்டால் அது பிறந்த இடம் வீங்கி, வெட்டும்போது பெரிய காயம் மிஞ்சும். வழவழப்பான பட்டையுள்ள மேப்பிளில் அந்தக் காயம் மூட ஆண்டுகள் ஆகும். கிளையைத் தண்டின் பரப்புக்குள் சற்றே குழிவாக வெட்டி, விளிம்புக்குக் காயப்பசை தடவினால் மேலே பட்டை மூடி வரும்போது புடைப்புத் தெரியாது. துருத்திக்கொண்டு நிற்கும்படி வெட்டினால் கடைசிவரை கட்டிதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கணுவில் மூன்று நான்கு கிளைகளை விட்டுவைப்பது. மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக வருவதால் இது சுலபமாக நடந்துவிடும். எல்லாக் கிளைகளும் ஒரே இடத்தைப் பருக்க வைக்க, அந்த இடம் முட்டிபோல வீங்கி, அதற்குக் கீழே தண்டு ஒல்லியாகத் தெரியும். ஒரு கணுவிலிருந்து இரண்டுக்குமேல் போகக் கூடாது. கிளைகள் இளசாக இருக்கும்போதே மிச்சத்தை எடுத்துவிட்டால் தழும்பே இருக்காது.

கிள்ளுவதும் இலை உருவுவதும்

வசந்தத்தில் மொட்டு விரியும்போது நடுக்கொழுந்தை இடுக்கியால் கிள்ளுவது, கோடையின் தொடக்கத்தில் இலைகளைக் காம்பை விட்டுவிட்டு வெட்டியெடுப்பது, இந்த இரண்டும் முதிர்ந்த மரத்தின் சிறுகிளைகளை நுணுக்கமாக்கும் உத்திகள். பார்ப்பதற்குப் பெரிய வித்தை போலிருப்பதால் எல்லோருக்கும் செய்துபார்க்க ஆசை. மரத்தைப் பொறுத்தவரை இரண்டும் அடிதான். சேமித்துவைத்த உணவைச் செலவழித்து இலை விட்டிருக்கிறது, அந்தச் செலவு திரும்ப வருவதற்குள் இலையைப் பறித்தால் இன்னொரு முறை கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். தெம்பான மரம் தாங்கும். அந்த ஆண்டு தொட்டி மாற்றிய மரம், நோயிலிருந்து எழுந்த மரம், இன்னும் பருக்க வேண்டிய கன்று, இவை எதுவும் தாங்காது, தாங்கினாலும் பயனில்லை. பீச் போன்ற மரங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சுற்றுதான் துளிர்க்கும் என்பதால் அவற்றில் முழுதாக உருவுவது சூதாட்டம்.

பலமான மேல்பகுதியில் மட்டும் பாதி இலைகளை எடுத்து, உள்ளே இருக்கும் நலிந்த கிளைகளுக்கு வெளிச்சம் விடுவது பல நேரங்களில் போதும். மேல்நுனி எப்போதும் கீழ்க்கிளைகளின் பங்கையும் சாப்பிட்டுவிடும். அதைக் கவனிக்காமல் மரம் முழுவதையும் ஒரே சீராகக் கத்தரித்தால் சில ஆண்டுகளில் அடிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும்.

வரவேற்பறை மேசை

இலையுதிர் போன்சாயை வீட்டுக்குள் வைப்பதைவிட உறுதியாக அதைச் சாகடிக்கும் வழி எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் இலை கொட்டுவது அலங்காரத்துக்காக இல்லை. மரம் உறங்குகிறது. மிதவெப்ப மண்டல மரங்களின் மொட்டுகள் பூஜ்யத்துக்கும் 7 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட குளிரைப் பல வாரங்கள் அனுபவித்த பிறகே ஒழுங்காக விரியும். கதகதப்பான அறையில் அந்தக் கணக்கு நிறையாது. முதல் ஆண்டு சமாளித்துத் துளிர்க்கும், அடுத்த ஆண்டு அரைகுறையாக, அதற்கடுத்த ஆண்டு கிளை கிளையாகக் காயும். மெதுவாகச் சாவதால் காரணம் என்னவென்று நமக்குத் தோன்றுவதேயில்லை, தண்ணீர் மேலும் உரம் மேலும் பழிபோடுவோம்.

குளிரே வராத இடத்தில் இருப்பவர்கள் ஜப்பானிய மேப்பிளோடு மல்லுக்கட்டுவதைவிட மாதுளை, சீன எல்ம் போன்றவற்றை எடுப்பது புத்திசாலித்தனம். சீன எல்ம் வெப்பமான இடத்தில் இலையை முழுதாகக் கொட்டாமலே காலம் தள்ளும்.

கடுங்குளிர் உள்ள இடங்களில் தவறு வேறு மாதிரி. மரம் வெளியே நின்று பழகியது, எதையும் தாங்கும் என்று நம்பிவிடுவோம். கிளையும் தண்டும் தாங்கும், வேர் அந்த அளவு தாங்காது. நிலத்தில் இருக்கும் வேரைச் சுற்றி மண் போர்வை இருக்கிறது, தொட்டி வேருக்கு அது கிடையாது. ட்ரைடென்ட் மேப்பிளின் சதைப்பற்றான வேர்கள் உறைபனியில் சீக்கிரம் கெடும். தொட்டியோடு மண்ணில் புதைப்பதோ, காற்றுப் படாத, சூடேற்றாத கொட்டகையில் வைப்பதோ போதும். இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம் முக்கியமில்லை. ஆனால் மண் முற்றிலும் காய்ந்துபோகக் கூடாது, உறங்குகிற மரத்துக்கும் ஈரம் வேண்டும்.

தண்ணீரும் மண்ணும்

‘தினம் ஒரு முறை’, ‘இரண்டு நாளைக்கு ஒரு முறை’ என்ற கணக்கெல்லாம் வேண்டாம். கோடை வெயிலில் காற்றடிக்கும் நாளில் இரண்டு முறை தேவைப்படலாம், மழைக்காலத்தில் நாலு நாள் தொடவே வேண்டியிராது. ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகிவைத்து உருவிப்பாருங்கள், ஈரம் தெரிந்துவிடும். ஊற்றினால் அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றுங்கள். மேலாகத் தெளிப்பது பாசிக்குத்தான் போய்ச் சேரும்.

பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயம்: தட்டைத் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்று தோன்றும், உண்மையில் தண்ணீர் ஊற்றியதும் அதில்தான் ஈரம் அதிகம் தேங்கும். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரில் ஊறியே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு; தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு ஓரம், தட்டைத் தொட்டியில் பாதி மண். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்து, வடிவது நின்றதும் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்ச், உயரம் மட்டும்தான் மாறியது.

தோட்டமண்ணைத் தட்டைத் தொட்டியில் போட்டால் வேர் அழுகுவது இதனால்தான். 3 முதல் 6 மில்லிமீட்டர் குருணைகளாக அக்கடாமா (ஜப்பானியக் களிமண் குருணை), பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக்கல் என்று கலப்பதும் இதற்காகவே. எது கிடைக்கிறதோ அதைப் போடலாம், தூளைச் சலித்து எடுத்துவிடுவதுதான் முக்கியம். வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் சரளை பரப்புகிறவர்கள் உண்டு. பொடி மண்ணுக்குக் கீழே சரளை போட்டால் ஊறிய அடுக்கு அதன்மேல் ஏறி உட்காருமே தவிர வடியாது.

வேரைத் தொடும் நாள்

தொட்டி மாற்ற ஏற்ற நேரம் மிகக் குறுகியது. மொட்டு பருத்து, செதில்கள் விலகிப் பச்சை எட்டிப்பார்க்கும், இலை இன்னும் விரியவில்லை. அந்த ஒன்றிரண்டு வாரம்தான். இலை விரிந்த பிறகு வேரை வெட்டினால் இலைகள் கேட்கும் நீரை அனுப்ப வேர் இருக்காது. மிக முன்கூட்டி வெட்டினால் அறுபட்ட வேர் குளிரில் கெடும். மாற்றிய பிறகு உறைபனி விழும் என்றால் மரத்தை உள்ளே எடுத்தாக வேண்டும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. கீழ்நோக்கி இறங்கும் தடித்த வேர்களைக் குறைத்து, பக்கவாட்டு வேர்களை விசிறிபோலப் பரப்பிவிட வேண்டும். குறுக்கே ஓடும் வேரை இளமையில் வெட்டாவிட்டால் பிறகு அதுவே மரத்தின் பாதத்தைக் கெடுக்கும்.

அப்புறம் மரத்தைத் தொட்டியோடு கம்பியால் கட்டுங்கள். காற்றில் ஆடும் மரத்தின் புதுவேர் நுனிகள் தினமும் அறுபடும். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஏன் துளிர்க்கவில்லை என்று நின்று பார்த்திருக்கிறேன்.

மேப்பிளின் கிளையை மட்டும் இந்தப் பருவத்தில் பெரிதாக வெட்டாதீர்கள். சாறு ஏறும் நேரம், வெட்டிடம் சொட்டிக்கொண்டே இருக்கும். பெரிய வெட்டுகளை இலை முற்றிய கோடைத் தொடக்கத்தில் செய்தால் காயமும் சீக்கிரம் மூடும்.

கம்பித் தழும்பு

இலையுதிர் மரங்களுக்கு மென்மையான அலுமினியக் கம்பியே ஏற்றது, கிளையின் மூன்றில் ஒரு பங்கு தடிமன், 45 டிகிரி சாய்வு. சுற்றுவதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை, கழற்ற மறப்பதில்தான். வசந்தத்தில் சுற்றிய கம்பி சில வாரங்களிலேயே பட்டைக்குள் இறங்கிவிடும், இலை மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணிலும் படாது. பைனின் கரடுமுரடான பட்டை தழும்பை ஒளித்துவிடும், மேப்பிளும் பீச்சும் ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும். என்னிடம் உள்ள ஒரு ஹார்ன்பீமின் முதல் கிளையில் திருகாணி மாதிரி வரிகள் இன்னும் போகவில்லை. கழற்றும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டியெடுங்கள். கம்பி போனால் போகட்டும்.

உரத்தில் பெரிய சூட்சுமம் இல்லை: கன்றுக்குத் தாராளம், முதிர்ந்த மரத்துக்கு வசந்தத்தின் முதல் இலைகள் முற்றிய பிறகே, இல்லாவிட்டால் கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள இடைவெளி நீண்டுபோகும். தொட்டி மாற்றிய முதல் மாதம் வேண்டாம், நோயாளி மரத்துக்கு வேண்டவே வேண்டாம். ‘போன்சாய் விதை’ என்று விற்பது சாதாரண மர விதைதான், அப்படி ஒரு தனி இனம் கிடையாது.

கடைசியாக, குப்பைக்கூடைத் தவறு. வசந்தம் வந்து மற்ற மரங்களெல்லாம் துளிர்த்த பிறகும் ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் கை துறுதுறுக்கும். நகத்தால் சிறு கிளையின் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, தண்டுவரை சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரியும் இடம்வரை மரம் உங்களுடையது. நிழலில் வைத்து, மண் லேசாக உலர்ந்தபின் மட்டும் தண்ணீர் விட்டு, கோடை நடுப்பகுதிவரை விட்டுவையுங்கள். நான் ஒரு எல்மை இப்படித் தூக்கிப்போடப் போய், சோம்பலில் சுவரோரமாகச் சாய்த்துவைத்தேன். இரண்டு மாதம் கழித்து அடிமரத்தில் மூன்று துளிர்கள். இப்போது அதில் எதை நுனியாக வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.